குப்பைமேட்டுக்கு அடியில் கிடக்கிறது நம் பிள்ளைகளின் திடல்!

மஃரிபுக்குப் பிறகு மக்தப் பிள்ளைகளுக்கு அரபிச் சொற்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஜபல் என்றால் மலை" என்றேன். பத்து வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "ஹஜ்ரத், அப்போ நம்ம குப்பைமேடும் ஜபல்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த சொல் 'ஜன்னத்'. சுவர்க்கம் என்று நாம் பொருள் சொல்கிறோம். அதன் நேர்ப் பொருள் தோட்டம். தோட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்து ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஒன்று நின்றது. கைகாட்ட வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சகோதரர்களே! மலை என்றால் குப்பை என்றும், தோட்டம் என்றால் பக்கத்து வீட்டு முருங்கை என்றும் ஒரு தலைமுறையை வளர்த்து வைத்திருக்கிறோமே, இதற்கு யார் பொறுப்பு? ஆட்சியாளர்கள் மட்டுமா? நாமும்தானே!

343 ஏக்கர் யாருக்கு?

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் மொத்தப் பரப்பு சுமார் 343 ஏக்கர். ஏறத்தாழ 40 ஆண்டுகளாகச் சென்னையின் கழிவு இங்கே வந்து விழுகிறது. அண்ணாநகரில் உரித்த வாழைப்பழத் தோலும், நம் மண்ணடிக் கடைகளில் பிரித்த பார்சல் அட்டையும் கலந்து குவிந்த மலை அது. மழை பெய்தால் அதன் சாறு கால்வாயில் இறங்கும். வெயில் ஏறினால் தானாகவே புகையும். எழில் நகரிலும் ராஜரத்தினம் நகரிலும் வியாசர்பாடியிலும் குடியிருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள், வாசல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்த நாள் எது என்று!

இப்போது ஒரு மாற்றம் நடக்கிறது. இதை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை. தூய்மை இந்தியா திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், சுமார் 640 கோடி ரூபாய் செலவில், 252 ஏக்கரில் கிடக்கும் 66 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பழைய குப்பையைக் கிளறிச் சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. பயோமைனிங் என்று அதற்குப் பெயர். மலை கரையக் கரைய அடியில் இருந்த நிலம் வெளியே வரும்.

அந்த நிலம் யாருக்கு? இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

2025-ல் மாநகராட்சி தன் பதிலை முன்வைத்தது. நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையைக் கொடுங்கையூரில் கட்டுவோம் என்றது. 40 ஆண்டு குப்பையைச் சுமந்த மக்களுக்கு இனிமேல் அந்தக் குப்பையின் புகை! அந்த ஆண்டு மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் திரண்டு மனிதச் சங்கிலி நின்றன. பெண்கள் நின்றார்கள், முதியவர்கள் நின்றார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் நின்றார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்தச் சங்கிலியில் நம் ஜமாஅத்துகளின் கைகள் எத்தனை கோத்திருந்தன? உலகில் எங்கோ ஒரு மூலையில் அநீதி நடந்தால் அன்று மாலையே அண்ணா சாலையில் கூடுகிற நாம், நம் வீட்டுப் பின்வாசலில் நடப்பதற்கு ஏன் கூடவில்லை?

தெற்கே பூங்கா, வடக்கே புகை

கணக்கைப் பாருங்கள். அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011-ல் திறக்கப்பட்டது. கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா 2010-ல் வந்தது. அதன் எதிரிலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024-ல் வந்தது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலை அரசு 2024-ல் மீட்டபோது அதில் 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்கு என்று அறிவிப்பு வந்தது. நல்லது. யாருக்குக் கிடைத்தாலும் மகிழ்ச்சிதான். தெற்கே இருப்பவர்களும் நம் சகோதரர்களே.

ஆனால் வடக்கே வந்தது என்ன? மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளங்களும் வந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மாதவரத்தில் ஒரு தாவரவியல் பூங்கா இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. இவ்வளவு சுமைக்கும் அந்த ஒன்று ஈடாகுமா?

மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி நெறிகள் ஓர் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. இந்த 252 ஏக்கரையும் சதுர மீட்டராக்கிப் பாருங்கள். சுமார் 10 லட்சம் வரும். அதாவது முழு நிலத்தையும் திடலாகவும் தோட்டமாகவும் விட்டாலே ஒரு லட்சம் பேருக்குத்தான் அது காணும்! இதிலும் உலைக்கு ஒரு துண்டு, குப்பை லாரி நிறுத்த ஒரு துண்டு, எவருக்கோ குத்தகைக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வேலியோரத்தில் நட்ட பத்து வேப்பங்கன்றுதான். வேலியோரக் கன்றைக் காட்டிப் பூங்கா என்று சொல்ல வருவார்கள். ஏமாந்துவிடாதீர்கள்!

பூங்கா பணக்காரன் விஷயமா?

"ஹஜ்ரத், சோற்றுக்கே வழியில்லை, பூங்கா எதற்கு?" என்று ஒரு கடைக்கார நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது கடமை.

பூங்கா என்றால் செடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பது என்று நமக்குக் காட்டிவிட்டார்கள். அதனால் வந்த குழப்பம் இது. ஊருக்குப் பொதுவான பச்சை வெளிதான் ஒரு சமூகத்தின் பண்பாடு பிறக்கும் தொட்டில். வடசென்னையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் எங்கே நடந்தது? ராயபுரம் ராபின்சன் பூங்காவில்! கொட்டும் மழையில் நடந்தது. இந்த மாநிலத்தைப் பலமுறை ஆண்ட ஒரு கட்சி கண் திறந்தது வடசென்னையின் ஒரு பூங்காவில். அன்று அங்கே திடல் இல்லாமல் எண்ணெய்க் கிடங்கு இருந்திருந்தால் அந்தக் கூட்டம் எங்கே கூடியிருக்கும்? ஏழைக்கு அரங்கம் கிடையாது. ஏழையின் அரங்கம் திடல்தான்.

விளையாட்டைப் பாருங்கள். வியாசர்பாடி கால்பந்து நாடறிந்தது. புதுவண்ணாரப்பேட்டையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் ஒன்றை யோசியுங்கள். கேரம் பலகைக்குத் தெருமுனை போதும். ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் மல்யுத்தத்துக்கும் நிலம் வேண்டும். நிலம் இல்லாத பேட்டையில் அந்தத் திறமைகள் யாருக்கும் தெரியாமலேயே மடிகின்றன. மாலையில் ஓட இடமில்லாத இளைஞன் எங்கே போவான்? போதை மாத்திரை விற்பவன் அவனுக்கு இடம் வைத்திருக்கிறான். போதைக்கு எதிராக மேடை போட்டுப் பேசுகிறோம். அவன் கால் ஓடுவதற்கு ஒரு திடல் கேட்டு என்றைக்காவது மனுக் கொடுத்திருக்கிறோமா?

பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் நாள் முழுதும் அடுப்போடு கிடக்கும் நம் சகோதரிகள், நிம்மதியாக நாலு பேரோடு உட்கார்ந்து பேச ஒரு மரநிழல் இந்தப் பகுதியில் எங்கே இருக்கிறது?

மார்க்கத்துக்கு வாருங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இரு பெருநாள் தொழுகைகளையும் மதீனாவின் திறந்த திடலில் நடத்தினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அங்கே வரச் சொன்னார்கள். மதீனாவின் சுற்றெல்லையில் மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். நகீஃ என்ற இடத்து மேய்ச்சல் நிலத்தைத் தனியார் கைவைக்காதபடி பொதுக் காப்பு நிலமாக ஒதுக்கினார்கள். 'ஹிமா' என்று அதற்குப் பெயர். நகரின் ஓரத்தில் திடலும் பச்சையும் வேண்டும் என்பது நேற்று யாரோ வெளிநாட்டுப் படிப்பில் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? பெருநாள் நெருங்கியதும் பள்ளிக்கூட மைதானம் கிடைக்குமா, தனியார் காலிமனை கிடைக்குமா என்று அலைகிறோம். ஓர் ஆண்டு ஓர் அலுவலகத்தில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நின்றேன். கடைசியில் "எங்ககிட்ட காலி இடம் ஏதுங்க பாய்?" என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் குப்பைக்கு அடியில் கிடக்கிறது!

கெய்ரோவில் நடந்தது

குப்பைமேட்டில் தோட்டமா, நடக்கிற காரியமா என்பவர்களுக்கு எகிப்திலிருந்து ஒரு செய்தி.

கெய்ரோவின் பழைய நகருக்குக் கிழக்கே, அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகில், இடிபாடும் குப்பையும் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன ஓர் இடம் இருந்தது. கொடுங்கையூருக்கு 40 ஆண்டு என்றால் அதற்கு 500 ஆண்டு! அதன் அடிவாரத்தில் தர்ப் அல்அஹ்மர் என்ற ஏழைகள் பேட்டை. 1984-ல் இஸ்மாயிலிகளின் தலைவர் ஆகா கான் அந்த இடத்தில் ஒரு பூங்கா அமைத்துத் தருவதாக முன்வந்தார். அது சுலபமான வேலையாக இருக்கவில்லை. மண்ணில் உப்பு, நகரின் குடிநீருக்காக மூன்று பெரிய தொட்டிகளும் அதே இடத்தில் புதைக்கப்பட்டன. இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 2005-ல் 30 ஹெக்டேரில், அதாவது நம் கணக்கில் சுமார் 74 ஏக்கரில், அல்அஸ்ஹர் பூங்கா முறைப்படித் திறக்கப்பட்டது.

மலையை வெட்டியபோது என்ன கிடைத்தது தெரியுமா? சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்து நகர மதில்! சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் குப்பைக்குள் புதைந்து கிடந்தது. அதை மீட்டார்கள். அடிவாரப் பேட்டையின் பழைய பள்ளிவாசல்களையும் வீடுகளையும் செப்பனிட்டார்கள். அந்தப் பேட்டை இளைஞர்களுக்கே தச்சும் கல்வேலையும் கற்றுக்கொடுத்து அந்த வேலையில் சேர்த்தார்கள். பூங்காவோடு ஒரு பேட்டையின் தொழிலும் மானமும் நிமிர்ந்தன. நுழைவுச் சீட்டு அங்கே உண்டு. அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. மற்றதைப் பின்பற்றலாமே! அவர்களுக்குக் கிடைத்தது 74 ஏக்கர். நம்மிடம் இருப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

அமெரிக்காவின் நியூயார்க்கில் 2,200 ஏக்கர் ஃப்ரெஷ்கில்ஸ் குப்பைக் கிடங்கை 2001-ல் மூடினார்கள். பகுதி பகுதியாகப் பூங்காவாக்கி வருகிறார்கள். அதே நேரத்தில் தில்லி ஓக்லாவில் 2012 முதல் இயங்கும் குப்பை எரிஉலையை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். இரண்டு பாதைகளும் நம் கண்முன் இருக்கின்றன.

எழுதி வாங்காத நிலம் நிலைக்காது

இங்கே ஒரு எச்சரிக்கை. வாய்மொழி வாக்குறுதியை நம்பாதீர்கள்! சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1859-ல் ஆளுநர் டிரெவிலியன் காலத்தில் மக்கள் பூங்கா என்று 116 ஏக்கரில் ஒன்று உருவானது. குளங்கள், விலங்குக் காட்சி, இசைமேடை, ஆண்டுதோறும் பெரிய சந்தை என்று வடசென்னை ஏழைகளும் மகிழ்ந்த இடம். இன்று அது எங்கே? ஒரு துண்டில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. ஒரு துண்டில் மூர் மார்க்கெட் எழுந்தது. அதுவும் 1985-ல் எரிந்து போய், அந்த இடம் ரயில்வேக்குப் போனது. ஒரு துண்டில் ரிப்பன் மாளிகையே எழுந்தது! பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் தலைமையகமே பூங்கா நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. விலங்குகளும் 1985-ல் தெற்கே வண்டலூருக்குப் போய்விட்டன. 'பார்க் டவுன்' என்ற பெயர் மட்டும் நமக்கு மிச்சம்.

ஆகவே சட்டப்படி எழுதி வாங்க வேண்டும். அதற்கு இதுவே தருணம். சென்னைப் பெருநகரத் திட்டப்பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022-ல் அரசாணை வந்தது. 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான பணியைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மேற்கொண்டது. மாதவரம், செங்குன்றம், மீஞ்சூர் என்று நகரம் வடக்கே ஓடும் வேகத்தில் இன்று பச்சை என்று வரைபடத்தில் குறிக்காத நிலம் நாளை சிமெண்ட் ஆகிவிடும்.

நம் முகத்தையும் கண்ணாடியில் பார்ப்போம்

அரசைக் கேட்பதற்கு முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம்.

மனை வணிகம் செய்யும் சகோதரர்களே! பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கைப் பள்ளத்திலும் கால்வாய் ஓரத்திலும் தள்ளிவிடுகிறோமா இல்லையா? பல ஆண்டு கழித்து அதையும் மனையாக்கி விற்கும் கூட்டத்தில் நம்மவர் எவரும் இல்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தில் கோயில் எழுப்பினாலும் தவறு, பள்ளிவாசல் எழுப்பினாலும் தவறு. அபகரித்த நிலத்தில் தொழுவதைப் பற்றி நம் இமாம்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை மதரஸா மாணவனைக் கேட்டாலே சொல்வான்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே! இரவு கடையடைக்கும்போது அட்டையும் தெர்மாகோலும் கோழிக் கழிவும் ஒரே மூட்டையில் கட்டி வீசுகிறோமே, அது போய்ச் சேரும் முகவரி கொடுங்கையூர். அங்கே நம் சகோதரன் குடியிருக்கிறான். பிரித்துக் கொடுத்தால் உலைக்குத் தேவையே இல்லை. காயலான் கடை வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்: காகிதமும் பிளாஸ்டிக்கும் அவர்களுக்குச் சரக்கு, உலைக்கு விறகு. உலை வந்தால் முதலில் எரிவது அவர்களின் பிழைப்பும் குப்பை பொறுக்கி வாழும் ஏழைகளின் பிழைப்பும்தான்.

நாம் கேட்பது

ஒன்று: கொடுங்கையூரில் மீட்கப்படும் நிலம் முழுவதும் பொதுப் பசுமைவெளி என்று முழுமைத் திட்டத்தில் குறிக்கப்பட வேண்டும். எரிஉலைக்கு அங்கே இடம் கூடாது.

இரண்டு: நிலத்தை மக்களிடம் விடுவதற்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். நஞ்சு இருக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடச் சொல்லவில்லை. அங்கே மரக்காடு வளரட்டும்.

மூன்று: கட்டணமில்லாத திடல் வேண்டும். கதீட்ரல் சாலைப் பூங்காவில் பெரியவர்களுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். நாலு பேர் குடும்பம் வடசென்னையில் அந்தப் பணத்தில் ஒரு நாள் சமைக்கும்.

நான்கு: கால்பந்து, ஓட்டம், பொதுக்கூட்டம், கானாக் கச்சேரி, பொங்கல் விளையாட்டு, பெருநாள் தொழுகை, கிறிஸ்துமஸ் ஆராதனை என எல்லா மக்களும் முறைவைத்துப் பயன்படுத்தும் பொது மைதானம் ஒன்று அதற்குள் அமைய வேண்டும். இது ஒரு சமுதாயத்தின் கோரிக்கை என்று எவரும் முத்திரை குத்த இடம் தராதீர்கள். புகை வீடு பார்த்து நுழைவதில்லை.

ஐந்து: அங்கே தோட்டக்காரராகவும் காவலராகவும் வேலைக்கு வருபவர்கள் குப்பைமேட்டில் உழைத்த குடும்பங்களிலிருந்தே வர வேண்டும்.

இளைஞர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் மஹல்லாவில் ஒரு மேசை போடுங்கள். இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு பக்கத்துத் தெருவுக்குப் போங்கள், மாதா கோயிலுக்குப் போங்கள், அம்மன் கோயில் தெருவுக்குப் போங்கள், குடியிருப்போர் சங்கத்துக்குப் போங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியானாலும் இந்தத் தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் மீசை முளைப்பதற்குள் அந்த 'ஜபல்' கரைந்து, அவன் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்ட ஒரு தோட்டம் அங்கே முளைக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், முளைக்கும். ஆனால் கேட்காதவன் கையில் எந்த அரசும் நிலத்தைக் கொண்டுவந்து வைத்ததில்லை. எழுந்து கேளுங்கள்!